போர் விமானி கற்ற பணிவிடை

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவியராகிய நாங்கள் ஊருக்கு வெளியே உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கேக், சோப்பு, போர்வை ஆகியவற்றைப் பொட்டலங்களாகக் கட்டி எடுத்துச் சென்றோம். பாடல்கள் பாடினோம். குடில் காட்சி ஒன்றை நடித்துக் காட்டினோம். முதியோர் கைதட்டி மகிழ்ந்தனர். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

புறப்படும் வேளையில், கட்டிலை விட்டு எழ இயலாத பாட்டி ஒருவர் எங்களுள் ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டு, "மறுபடியும் எப்பம்மா வருவீங்க?" என்று கேட்டார். "வருவோம் பாட்டி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினோம். ஆனால் வழிநெடுக எவரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் போகும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. அடுத்த கிறிஸ்து பிறப்புக்கு வேறொரு வகுப்பு போகும். வேறு பொட்டலங்கள் போகும். பாட்டியின் கேள்வி மட்டும் அங்கேயே இருக்கும்.

மறுநாள் நன்னெறி வகுப்பில் இதனை எங்கள் சிஸ்டரிடம் சொன்னோம். அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை, தேற்றவும் இல்லை. "லெனர்ட் செஷயர் என்று ஒருவர் இருந்தார். அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்துப் பாருங்கள். படித்ததை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கூறினார்கள். அவ்வாறு நாங்கள் அறிந்துகொண்டவற்றையே இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

இளமைப் பருவம்

லெனர்ட் செஷயர் 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் இங்கிலாந்து நாட்டில் செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற சட்டப் பேராசிரியர். குடும்பம் வசதியானது. மகனும் ஆக்ஸ்போர்டிலேயே மெர்ட்டன் கல்லூரியில் சட்டம் பயின்றார். ஆனால் பாடத்தைக் காட்டிலும் வேகமாக ஓடும் கார்களிலும் வேடிக்கை விருந்துகளிலுமே அவருக்கு நாட்டம் மிகுதி. சட்டைப் பையில் ஒரு சில காசுகளை மட்டும் வைத்துக்கொண்டு பாரிஸ் நகரம் போய்ச் சேர முடியும் என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டி, அதில் வென்றும் காட்டினார். பிற்காலத்தில் நோயாளிகளின் பாத்திரங்களைக் கழுவப் போகும் மனிதர் இவர் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்!

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1939-ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டதும் பிரிட்டிஷ் விமானப் படையில் முழுநேர அதிகாரியாக ஆனார். அப்போது அவருக்கு வயது 22.

போர்க்களத்தில்

குண்டுவீச்சு விமானிகளின் வாழ்வு எத்தகையது என்பதைக் கூறினால்தான் அவருடைய துணிவு நமக்கு விளங்கும். அந்தப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் விமானங்களில் பறந்து போரிட்டவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். அவர்களுள் 55,573 பேர் உயிர் இழந்தனர். அதாவது, நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் வீடு திரும்பவில்லை. முப்பது முறை பறந்து திரும்பினால் ஒருவருக்கு ஓய்வு தரப்படும். செஷயரோ ஓய்வை விரும்பாது, திரும்பத் திரும்பச் சென்று, நூறு முறை பறந்தார்.

1940 நவம்பரில், ஜெர்மனியின் கொலோன் நகரின் மீது பறக்கையில் எதிரியின் குண்டு பட்டு அவரது விமானத்தின் பக்கம் பிளந்து, உள்ளே தீப்பற்றிக்கொண்டது. தோழர்கள் தீயை அணைக்க, கிழிந்த விமானத்தை இங்கிலாந்து வரை ஓட்டி வந்து பத்திரமாக இறக்கினார். 25-ஆம் வயதிலேயே 'குரூப் கேப்டன்' என்னும் உயர்பதவி கிட்டியது. அப்பதவிக்கு அலுவலக மேசைதான் உரியது. பறக்க வாய்ப்பு இல்லை. எனவே அவர் தாமாகவே ஒரு படி கீழிறங்கி, 1943-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 617-ஆம் படைப்பிரிவின் தலைமையை ஏற்றார்.

அந்நாளில் நடந்த நிகழ்ச்சி ஒன்று எங்கள் உள்ளத்தைத் தொட்டது. 1944 பிப்ரவரியில், பிரான்சு நாட்டின் லிமோஜ் நகரில் ஜெர்மானியர் வசமிருந்த விமான எந்திரத் தொழிற்சாலை ஒன்றைத் தகர்க்க அவருக்கு ஆணை வந்தது. அங்கே இரவு வேலையில் இருந்தவர்கள் பிரெஞ்சுத் தொழிலாளர்கள், பெரும்பாலோர் பெண்கள். குண்டு போடுவதற்கு முன் செஷயர், கூரையைத் தொட்டுவிடும் அளவுக்குத் தாழப் பறந்து, மூன்று முறை அந்தத் தொழிற்சாலையைச் சுற்றினார். 'வெளியேறுங்கள், வெளியேறுங்கள்' என்பதுதான் அதன் பொருள். உள்ளே இருந்தவர்கள் ஓடி வெளியேறினர். அதன் பிறகே குண்டுகள் விழுந்தன. எதிரிக்கும் அது எச்சரிக்கையாகும் என்பதை அறியாதவர் அல்லர் அவர். அறிந்தே செய்தார்.

1944 செப்டம்பரில் பிரிட்டனின் தலைசிறந்த வீர விருதாகிய விக்டோரியா சிலுவைப் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் அப்பதக்கம் ஏதேனும் ஒரு வீரச் செயலுக்காக வழங்கப்படுவது. அவருக்கோ, நான்கு ஆண்டுகள் இடைவிடாது காட்டிய துணிவுக்காக வழங்கப்பட்டது.

நாகசாகியின் மேல்

1945 ஆகஸ்டு 9-ஆம் நாள், ஜப்பான் நாட்டின் நாகசாகி நகரின் மீது அமெரிக்கா அணுகுண்டை வீசியது. பிரிட்டனின் சார்பில் அதனைப் பார்வையிட விமானத்தில் சென்ற இருவருள் ஒருவர் செஷயர். மற்றவர் விஞ்ஞானி வில்லியம் பென்னி. நகரத்துக்கு வெகு தொலைவில் பறந்த விமானத்திலிருந்து, வானளாவ எழுந்த அந்தப் புகை மண்டலத்தை அவர் கண்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நாகசாகியில் 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டு வெடித்தது உரக்காமி என்னும் பகுதியின் மேல். ஜப்பானியக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த இடம் அது. அங்கிருந்த 12,000 கத்தோலிக்கருள் ஏறக்குறைய 8,500 பேர் மடிந்தனர். அவர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய பேராலயம் இடிந்து விழுந்தது.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் பெரும் வாக்குவாதம் எழுந்தது. "இவரையா நாம் போற்றுவது? இவரைப் போன்றோர் வீசிய குண்டுகளால் ஜெர்மன் நகரங்களில் பல லட்சம் பொதுமக்கள் இறந்தார்களே!" என்றனர் சிலர். "ஹிட்லரின் கொடுமையை யாராவது தடுக்கத்தானே வேண்டும்?" என்றனர் வேறு சிலர். உண்மையைச் சொல்வதானால், செஷயரே எங்களுக்கு எளிதான விடையைத் தரவில்லை. தாம் போரிட்டது தவறு என்று அவர் ஒருபோதும் கூறியதில்லை. அந்த அணுகுண்டு போரை முடித்து வைத்தது என்றே இறுதி வரை கருதினார். ஆகவே அவருடைய பிற்காலத் தொண்டு முழுவதையும் பாவத்துக்கான பரிகாரம் என்று எழுதிவிடுவது அழகாக இருக்கலாம். ஆனால் அது உண்மையாகாது.

அவர் கேட்ட கேள்வி வேறு. போர் என்றால் மனிதர்கள் பொருளையும் உழைப்பையும் உயிரையும்கூடத் தயங்காமல் தருகிறார்கள். ஒருவருக்காக ஒருவர் நிற்கிறார்கள். அமைதி வந்ததும் ஏன் அது நின்றுபோக வேண்டும்? அமைதியைக் கட்டுவதற்கு அதே அளவு உழைப்பு வேண்டாமா? இந்தக் கேள்வியோடுதான் அவர் 1946-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் படையை விட்டு விலகினார்.

தோற்றுப்போன பெருந்திட்டம்

செஷயர் தொண்டின் முதல் முயற்சியிலேயே வெற்றி கண்டார் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படி நடக்கவில்லை. மாறாக, முதலில் அவர் படுதோல்வி அடைந்தார்!

போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலருக்கு வேலையும் இல்லை, மனத்தில் நிம்மதியும் இல்லை. அவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் ஒன்றாகத் தங்கி, உழைத்து, பகிர்ந்து வாழும் குடியிருப்புகளை உருவாக்க செஷயர் திட்டமிட்டார். அமைதியோடு செல்க என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்களை அதற்குப் பெயராக இட்டார். செய்தித்தாள்களில் எழுதினார்; கூட்டங்களில் பேசினார். புகழ்பெற்ற வீரர் அழைத்ததால் பலரும் வந்தனர். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் லே கோர்ட் என்னும் பெரிய மாளிகை அவர்களுக்கு இருப்பிடமாயிற்று.

ஆனால் குடியேறியவர்களிடையே பூசல்கள் எழுந்தன. வரவுக்கு மேல் செலவு ஏறியது. செஷயரின் உடல்நலமும் கெட்டது. ஓய்வுக்காகக் கனடா சென்றார். 1947 முடிவதற்குள் அந்தக் குடியிருப்பு கலைந்தது. அவருக்கு எஞ்சியவை ஆளில்லாத மாளிகையும் பெருங்கடனும்தான். முப்பது வயதில், விக்டோரியா சிலுவை பெற்ற வீரர், தோற்றுப்போனவராக நின்றார்.

ஆர்தர் என்னும் ஒரு மனிதர்

1948-ஆம் ஆண்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து அவருக்கு ஒரு செய்தி வந்தது. கலைந்துபோன குடியிருப்பில் தங்கியிருந்த ஆர்தர் டைக்ஸ் என்பவர் அங்கே புற்றுநோயால் படுத்திருந்தார். அவரும் முன்னாள் விமானப் படையினர். நோய் குணமாகாது, மருத்துவமனையில் மேற்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை, அவரை வைத்துப் பார்த்துக்கொள்ள எவரும் இல்லை. அவருக்கு ஓர் இடம் கிடைக்குமா என்பதே கேள்வி.

செஷயர் பல இடங்களில் விசாரித்தார். குணமாகாத நோயாளி என்றதும் எங்கும் கதவு திறக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை மாதத்தில்தான் பிரிட்டனில் அனைவருக்கும் இலவச மருத்துவம் தரும் அரசுத் திட்டம் தொடங்கியது. அங்கும் குணப்படுத்தக் கூடியவர்களுக்கே படுக்கை வேண்டியிருந்தது. நீண்ட நாள் நோயாளிகள், குணமாகாதவர்கள், ஆதரவற்றவர்கள் ஆகியோருக்கென்று ஓர் இடம் இல்லை.

இறுதியில், அவர் பிழைக்கமாட்டார் என்ற உண்மையை ஆர்தரிடம் செஷயரே நேரில் சொன்னார். "என்னோடு வந்து இருங்கள்" என்று லே கோர்ட்டுக்கு அழைத்து வந்தார். செவிலியர் இல்லை, சமையல்காரர் இல்லை, கையில் பணமும் இல்லை. சமைப்பது, ஊட்டுவது, உடலைத் துடைப்பது, படுக்கை மாற்றுவது, மலசலப் பாத்திரம் கழுவுவது ஆகிய அனைத்தையும் அந்தப் போர் வீரர் தம் கையாலேயே செய்தார். எப்படிச் செய்வது என்று அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. செய்து செய்தே கற்றுக்கொண்டார்.

ஆர்தர் கத்தோலிக்கர், நெடுநாளாகத் திருச்சபையை விட்டு விலகியிருந்து, நோயின்போது மீண்டும் விசுவாசத்துக்குத் திரும்பியவர். அச்சமின்றி, அமைதியோடு அவர் இறப்பை எதிர்நோக்கிய விதம் செஷயரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அந்த ஆகஸ்டு மாதத்தில் ஆர்தர் உயிர் நீத்தார். அதே ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாள், டிசம்பர் 24-இல், செஷயர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

நூற்றுக்கணக்கானோருக்கு வாழ்வளிக்க நினைத்த திட்டம் சரிந்தது. எந்தத் திட்டமும் இன்றி, எதிரே வந்து நின்ற ஒரே ஒரு மனிதரை ஏற்றுக்கொண்டதுதான் நிலைத்தது. இந்த ஓர் உண்மைக்காகவே சிஸ்டர் எங்களைப் படிக்கச் சொன்னார்களோ என்று இவ்விடத்தில் தோன்றியது.

இல்லம் வளர்ந்த விதம்

ஆர்தர் உயிரோடிருந்தபோதே, தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு வந்தனர். அவரையும் செஷயர் ஏற்றுக்கொண்டார். பின்னர் ஒருவர், அதன் பின் இன்னொருவர் என வந்து, 1949 கோடைக்குள் லே கோர்ட்டில் இருபதுக்கும் மேற்பட்டோர் தங்கிவிட்டனர். முதியோரை விட, இளம் வயதிலேயே உடல் செயலிழந்தவர்களின் தேவை பெரிது என்பது நாளடைவில் தெரியவந்தது. இரண்டாவது இல்லம் கார்ன்வால் பகுதியில், கைவிடப்பட்ட விமானத் தளக் கட்டடம் ஒன்றில், அர்ச். தெரேசம்மாள் பெயரால் 1951-இல் தொடங்கியது.

இந்த இல்லங்கள் இயங்கிய முறையை நாம் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் அவ்வூராரே குழு அமைத்துப் பொறுப்பேற்க வேண்டும். நிதியையும் அவர்களே திரட்ட வேண்டும். அது மருத்துவமனை போல் இராமல் வீடு போல் இருக்க வேண்டும். இன்ன மதத்தவர், இன்ன இனத்தவர் என்று யாரையும் விலக்கக் கூடாது. செஷயர் ஓர் ஊருக்குச் செல்வார், நல்லெண்ணம் கொண்டவர்களைக் கூட்டுவார், தொடங்கி வைப்பார், பிறகு அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். தம்மை விட்டால் நடக்காது என்ற நிலையை அவர் எங்கும் உண்டாக்கவில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. 1952-இல் அவருக்குக் கடுமையான காசநோய் கண்டது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தார். அறுவைச் சிகிச்சைகளுக்கு உள்ளானார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர், இப்போது மற்றவர் செய்யும் பணிவிடையை ஏற்றுக் கிடக்க வேண்டியதாயிற்று. அவர் அருகில் இல்லாமலேயே இல்லங்கள் வளர்ந்தன. கொடுப்பதைக் காட்டிலும் பெற்றுக்கொள்வது கடினம் என்பதை நோய்வாய்ப்பட்ட எவரும் அறிவர் அல்லவா?

நமது நாட்டில்

1955-ஆம் ஆண்டின் இறுதியில் செஷயர் இந்தியாவுக்கு வந்தார். இங்கிலாந்துக்கு வெளியே தொடங்கிய முதல் செஷயர் இல்லம் நமது நாட்டில்தான், அன்றைய பம்பாயின் அந்தேரிப் பகுதியில் எழுந்தது. பெத்லகேம் இல்லம் என்பது அதன் பெயர். தொடர்ந்து ஜாம்ஷெட்பூர், பெங்களூர், நமது கோயம்புத்தூர் எனப் பல ஊர்களில் அவ்வூர்ப் பெருமக்களின் முயற்சியால் இல்லங்கள் உருவாயின.

அவருக்கு வாழ்க்கைத் துணைவியாய் வாய்த்தவரும் போர்க்காலத்தில் பணியாற்றியவரே. சூ ரைடர் என்னும் அந்த அம்மையார், போரின்போது இளம் பெண்ணாய் இருந்து, எதிரியின் பிடியிலிருந்த நாடுகளுக்கு இரகசியமாய்ச் சென்ற போலந்து வீரர்களுக்கு உதவும் பணியில் இருந்தார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் முகாம்களிலும் சிறைகளிலும் துன்புற்றோரிடையே தொண்டாற்றினார். 1953-இல் தம் பெயரால் ஓர் அறநிலையத்தையும் நிறுவினார். இவ்விருவரின் திருமணம் 1959 ஏப்ரல் 5-ஆம் நாள் பம்பாயின் கத்தோலிக்கப் பேராலயத்தில் நடைபெற்றது.

அதே ஆண்டில் இருவரும் சேர்ந்து இமயமலை அடிவாரத்தில், டேராடூனில், ரஃபேல் என்னும் நிலையத்தைத் தொடங்கினர். நோய் தீர்க்கும் அதிதூதரான அர்ச். இரபேலின் பெயர் அது. தொழுநோயால் ஒதுக்கப்பட்டவர்கள், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள், காசநோயாளிகள் ஆகியோருக்கு அங்கே இடம் கிடைத்தது. தொழுநோய் என்றாலே ஊரை விட்டு விரட்டிய காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேட்டுச் செய்வதே தொண்டு

செஷயரின் பணியில் குறை ஒன்றும் இல்லையா? இருந்தது. அதனைச் சுட்டிக்காட்டியவர்கள் வேறு யாருமல்லர். அந்த இல்லத்திலேயே வாழ்ந்தவர்கள்!

லே கோர்ட்டில் 1956 முதல் 1970 வரை வாழ்ந்த பால் ஹன்ட் என்னும் இளைஞர் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். எப்போது தூங்க வேண்டும், எப்போது வெளியே போகலாம், இல்லம் எப்படி நடக்க வேண்டும் என்பனவற்றைத் தங்களைக் கேளாமல் பிறர் முடிவு செய்வது ஏன் என்று அவரும் தோழர்களும் கேட்டனர். உடற்குறையை விட, சமுதாயம் தங்களை ஒதுக்கி வைப்பதே பெரிய ஊனம் என்று எழுதினர். இல்லம் எவ்வளவு அன்போடு நடத்தப்பட்டாலும், மற்ற மனிதரைப் போல் ஊர் நடுவில், தம் விருப்பப்படி வாழ்வதே தங்கள் உரிமை என்றனர். 1972-இல் இந்தக் கோரிக்கையோடு பால் ஹன்ட் நாடு முழுவதும் உள்ளவர்களை அழைத்து ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். இன்று மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றி உலகெங்கும் பேசப்படும் கருத்துகள் பலவற்றுக்கு அந்தக் குரல் ஒரு தொடக்கம். காலப்போக்கில் செஷயர் நிறுவனமும், மாற்றுத்திறனாளிகள் தம் வீட்டிலேயே வாழ உதவுவதையும் தன் பணியாக ஏற்றுக்கொண்டது.

இதைப் படித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. முதியோர் இல்லத்துக்கு நாங்கள் எடுத்துச் சென்ற கேக்கை அங்கே நீரிழிவு நோயுள்ள பலர் தொடக்கூட இல்லை. என்ன வேண்டும் என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லையே!

இறுதி நாட்கள்

1981-இல் பிரிட்டிஷ் அரசியாரின் உயரிய விருதான 'ஆர்டர் ஆஃப் மெரிட்' செஷயருக்குக் கிடைத்தது. 1989-இல், போர்களில் இறந்த ஒவ்வோர் உயிருக்கும் நினைவாக ஒரு சிறு தொகை வீதம் திரட்டி, பேரிடர்களில் துன்புறுவோருக்கு உதவும் நினைவு நிதி ஒன்றைத் தொடங்கினார். இறந்தவர்களை நினைப்பது என்றால் இருப்பவர்களுக்கு உதவுவது என்பதே அவர் கொண்ட பொருள். 1991-இல் பிரபுக்கள் சபை உறுப்பினராகவும் ஆனார்.

அப்போது அவரை நோய் பிடித்திருந்தது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும் கொடிய நோய் அது. தம் இல்லங்களில் தாம் பார்த்துப் பராமரித்த பலரைப் போலவே அவரும் சக்கர நாற்காலிக்கு வந்தார். அந்த நிலையில் அவரைச் சந்தித்த எலிசபெத் அரசியார், 1992-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்புச் செய்தியில் அவரை நினைவுகூர்ந்தார். அவர் தம் நோயைப் பற்றிப் பேசவில்லை என்றும், பிறர் வாழ்வு மேம்படத் தாம் கொண்டிருந்த திட்டங்களைப் பற்றியே பேசினார் என்றும் அரசியார் குறிப்பிட்டார்.

1992 ஜூலை 31-ஆம் நாள், தமது 74-ஆம் வயதில், லெனர்ட் செஷயர் இறைவனடி சேர்ந்தார். அப்போது ஏறத்தாழ ஐம்பது நாடுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட செஷயர் இல்லங்கள் இருந்தன. சூ ரைடர் அம்மையார் 2000-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைக்கும் நாளில், மறைந்தார்.

பாட்டிக்கு எங்கள் பதில்

நல்ல சமாரியன் உவமையைச் சிறு வயது முதல் கேட்டு வருகின்றோம். அந்தச் சமாரியன் வழிப்போக்கர் அனைவருக்கும் ஒரு திட்டம் வகுக்கவில்லை. வழியில் கிடந்த ஒருவனைத் தூக்கினான், காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான். அதோடு விட்டானா? திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றான். அந்தத் திரும்பி வருதலைத்தான் நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

இப்போது நாங்கள் செய்வது மிகச் சிறிது. பெற்றோரின் இசைவோடும் சிஸ்டரின் அனுமதியோடும், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் நான்காம் சனிக்கிழமையும், முறை வைத்து நால்வராக அந்த இல்லத்துக்குப் போகின்றோம். பொட்டலம் ஏதும் எடுத்துச் செல்வதில்லை. முதல் நாள் போனதும், "பாட்டி, நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டோம். எங்கள் கையைப் பற்றிய அந்தப் பாட்டி நெடுநேரம் யோசித்துவிட்டு, "தலையைச் சீவிப் பின்னி விடுங்க கண்ணு" என்றார். கேட்டது அவ்வளவுதான். இன்னொரு தாத்தா செய்தித்தாள் படித்துக் காட்டச் சொன்னார். வேறொருவர் மகனுக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். ஒருவர், தம்மைத் தனியே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார், அவ்வாறே விட்டோம். அதுவும் அவர் உரிமை அல்லவா?

இந்த மார்ச்சு மாதத்தோடு நாங்கள் பள்ளியை விட்டுப் போகின்றோம். ஆகவே இந்தக் கட்டுரையை ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றோம். அன்புள்ள ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தங்கைமாரே! உங்களிடம் பெரிய திட்டம் ஒன்றையும் கேட்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வரும் முதல் இரண்டாம் சனிக்கிழமையன்று நால்வர் போதும். வாயிலிலிருந்து மூன்றாவது கட்டில். சீப்பு, பாட்டியின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பெற்றோர்களே! உங்கள் மகள் அன்று வீட்டு வேலைக்கு உதவாமல் அங்கே போக அனுமதி கேட்டால், அருள்கூர்ந்து மறுக்காதீர்கள்.

"மறுபடியும் எப்பம்மா வருவீங்க?" என்று பாட்டி இப்போதும் கேட்கிறார். இப்போது எங்களால் நாளைச் சொல்ல முடிகிறது. ஜூன் மாதத்துக்குப் பிறகும் அந்த நாளைச் சொல்ல யாரேனும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் செபம்.